சீட்டைக் கிழித்துப் பிழைக்கும் வைரஸ்கள்

ஒருவருக்குச் "சீட்டு கிழிந்துவிட்டது" என்றால் அவருடைய வேலை போய்விட்டது என்று பொருள். செல்லுக்குள் கதை தலைகீழ். அங்கே ஒரு புரதத்தின் மேல் சீட்டு ஒட்டினால்தான் வம்பு. ஒட்டிய சீட்டை யாராவது கிழித்துவிட்டால் புரதம் பிழைத்துக்கொள்ளும். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கு இந்த விவரம் நன்றாகத் தெரியும். செல்லுக்குள் நுழையும்போதே சீட்டு கிழிக்கும் நொதி ஒன்றைக் கையோடு கொண்டுவருகின்றன. எதைக் கிழிக்கின்றன, கிழிப்பதால் அவற்றுக்கு என்ன லாபம் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் சீட்டு. அதன் பெயர் யுபிக்விட்டின். அதுவும் ஒரு புரதம்தான்; 76 அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிப் புரதம். 'எங்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், பொருத்தமான பெயரும்கூட. ஈஸ்ட்டிலிருந்து மனிதர் வரை, உட்கரு கொண்ட செல் எதை எடுத்தாலும் அதில் இது இருக்கும். ஈஸ்ட்டின் யுபிக்விட்டினுக்கும் நம்முடையதற்கும் அந்த 76இல் 3 இடங்களில்தான் வித்தியாசம். பரிணாமம் இவ்வளவு காலம் கைவைக்காமல் விட்ட பொருள் என்றால், அதில் கைவைத்தவை பிழைக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதை ஒட்டுவதற்கு மூன்று நொதிகள் கைமாற்றி வேலை செய்கின்றன. இ1 யுபிக்விட்டினை ஒட்டத் தயார்ப்படுத்துகிறது, இ2 அதை வாங்கிச் சுமக்கிறது, எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று இ3 தேர்ந்தெடுக்கிறது. மனித செல்லில் இ1 இரண்டுதான், இ2 நாற்பதை ஒட்டி, இ3 மட்டும் 600க்கு மேல். ஆள் பார்த்து ஒட்டும் பொறுப்பு இ3இன் தலையில் விழுவதால் அதற்குத்தான் இத்தனை வகை. யுபிக்விட்டினின் வால் நுனி, குறிவைக்கப்பட்ட புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைகிறது. ஒட்டப்பட்ட யுபிக்விட்டினிலும் லைசின்கள் இருக்கின்றன, மொத்தம் ஏழு. ஆகவே சீட்டின் மேலேயே அடுத்த சீட்டை ஒட்டலாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி நீளும்.

சங்கிலி எந்த லைசின் வழியாக நீள்கிறது என்பதில்தான் செய்தியே இருக்கிறது. 48ஆவது லைசின் வழியாக நீண்டால், "இதை உடைத்துவிடு" என்று அர்த்தம். புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ அரவை இயந்திரம் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டாக்கிவிடும். யுபிக்விட்டின் மட்டும் மறுபயன்பாட்டுக்குத் திரும்பும். இந்த அழிப்பு முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்காகச் சீட்டு என்றாலே சாவுதான் என்று நினைத்துவிட வேண்டாம். 63ஆவது லைசின் வழியாக நீளும் சங்கிலி பெரும்பாலும் அழிவுக்கானது அல்ல. அது ஒரு கூடுமிடம். வேறு புரதங்கள் வந்து அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று தூண்டிவிடும், சமிக்ஞை கைமாறும். செல்லுக்குள் வைரஸ் வந்துவிட்டது என்று கூவும் அபாயச் சங்குகள் பல இந்த வகைச் சங்கிலிகளை நம்பித்தான் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஒட்டுகிறவர் இருந்தால் கிழிக்கிறவரும் இருக்க வேண்டுமே. நம் செல்களிலேயே யுபிக்விட்டின் நீக்கும் நொதிகள் ஏறத்தாழ நூறு வகை உண்டு. தவறாக ஒட்டியதைப் பிரிப்பது, ஓய்ந்த சமிக்ஞையை அணைப்பது, யுபிக்விட்டினை மீட்டெடுப்பது என்று அவை அன்றாட வேலை பார்க்கின்றன. இவற்றை இனி 'நீக்கி' என்றே அழைக்கிறேன். முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதினால் உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கும்.

சரி, இப்போது வைரஸ். உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சின்னம்மையையும் பிற்காலத்தில் அக்கியையும் கொண்டுவரும் வேரிசெல்லா-ஸோஸ்டர், எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோவைரஸ், கபோசி சார்கோமா வைரஸ் எல்லாம் ஒரே குடும்பம். மனிதரைத் தொற்றுபவை மொத்தம் ஒன்பது. ஒருமுறை உள்ளே வந்தால் வாழ்நாள் முழுக்க வெளியேறாமல் உறங்கிக் கிடப்பது இந்தக் குடும்பத்தின் குணம்.

இவற்றின் உடலமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. நடுவில் டிஎன்ஏ, அதைச் சுற்றி கேப்சிட் என்ற இருபதுமுகக் கூடு, வெளியே கொழுப்புச் சவ்வு. கூட்டுக்கும் சவ்வுக்கும் இடையே டெக்யூமென்ட் என்ற அடுக்கு ஒன்று, பலவகைப் புரதங்களால் அடைபட்டிருக்கிறது. வைரஸ் செல்லோடு இணைந்ததும் இந்தப் புரதங்கள் நேராக செல்லுக்குள் கொட்டப்படுகின்றன. வைரஸின் மரபணுக்கள் ஒன்றுகூட இயங்கத் தொடங்காத அந்த முதல் நிமிடங்களிலேயே வேலை பார்க்க ஆள் தயார். நம் நீக்கி இருப்பது இந்த அடுக்கில்தான்.

அதுவும் சும்மா ஒரு மூலையில் இல்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் உருவாக்கும் புரதங்களிலேயே மிகப் பெரியது யுஎல்36. 3,100க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. யுபிக்விட்டினைப் போல நாற்பது மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப்சிட்டை ஒட்டிக்கொண்டிருப்பது, நரம்பு செல்லின் நீண்ட இழை வழியாக அதை நகர்த்த உதவுவது, உட்கருவின் வாசலில் கொண்டு சேர்ப்பது என்று இதற்குப் பல பொறுப்புகள். இந்த ராட்சதப் புரதத்தின் தலைப்பகுதியில், முதல் ஐந்நூறு அமினோ அமிலங்களுக்குள், கத்திரிக்கோல் ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருந்தது என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் முழு மரபணு வரிசை 1988இலேயே வெளியாகிவிட்டது. ஆனாலும் இப்படி ஒரு நொதி அதில் இருப்பது 2005 வரை தெரியாது. காரணம், தெரிந்த நீக்கிகள் எதன் வரிசையோடும் இது ஒத்துப்போகவில்லை. எழுத்துகளை ஒப்பிட்டுத் தேடும் கணினிக்கு இது கண்ணில் படவே படாது. அமெரிக்காவில் ஹிடெ ப்ளூகின் ஆய்வுக்குழு வேறு வழியில் போனது: எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல், என்ன செய்கிறது என்று பார்த்தது.

அவர்கள் செய்தது ஒரு தூண்டில். யுபிக்விட்டினின் வால் நுனியில் ஒரு வேதித் தொகுதியைச் சேர்த்தார்கள். நீக்கி வழக்கம்போல் வாலைப் பிடித்து வெட்ட வரும். வெட்டும் முனை அந்தத் தொகுதியைத் தொட்டதும் மாட்டிக்கொள்ளும். உடும்புப் பிடி, பிறகு விடாது. யுபிக்விட்டினின் மறுமுனையில் ஆன்டிபாடியால் பிடித்து இழுக்கத்தக்க ஓர் அடையாளத் துணுக்கு. வைரஸ் தொற்றிய செல்களின் சாற்றில் இதைப் போட்டு இழுத்தபோது, தொற்றாத செல்களில் இல்லாத ஒன்று கூடவே வந்தது. அது யுஎல்36இன் தலைப்பகுதித் துண்டு. தேடிப் பார்த்தால் அதே பகுதி ஹெர்பிஸ் குடும்பம் முழுவதிலும் இருந்தது. ஒவ்வொரு வைரஸிலும் பெயர்தான் வேறு: சைட்டோமெகலோவைரஸில் யுஎல்48, எப்ஸ்டீன்-பாரில் பிபிஎல்எஃப்1, கபோசி வைரஸில் ஓஆர்எஃப்64.

வெட்டும் முனையில் இருப்பது சிஸ்டீன் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம்; அதன் கந்தக அணுதான் பிளேடு. ஹிஸ்டிடினும் அஸ்பார்ட்டேட்டும் பக்கத்தில் நின்று அதைக் கூர்தீட்டிக் கொடுக்கின்றன. 2007இல், எலியின் சைட்டோமெகலோவைரஸிலிருந்து எடுத்த நீக்கியை யுபிக்விட்டினோடு பிணைந்த நிலையிலேயே படிகமாக்கி அதன் முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தார்கள். வெட்டும் முறை நம் நொதிகளுடையதைப் போலவே. உடல் மடிப்பு மட்டும் அதுவரை தெரிந்த எந்த நீக்கிக் குடும்பத்திலும் சேராதது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த அமைப்பு ஒரு பெரிய வசதி. யுஎல்36ஐ முழுதாக நீக்கிவிட்டால் வைரஸே உருவாகாது. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் அந்த ஒற்றை சிஸ்டீனை மட்டும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றினால் போதும். புரதத்தின் மற்ற வேலைகள் நடக்கும், கத்திரிக்கோல் மட்டும் மழுங்கிவிடும். இப்படி மழுங்கடித்த வைரஸ்களை வளர்த்துப் பார்த்துத்தான் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது.

முதலில் வந்த முடிவு சப்பென்றுதான் இருந்தது. 2006இல் மனித சைட்டோமெகலோவைரஸில் இதைச் செய்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அந்த வைரஸ் கொஞ்சம் மெதுவாகப் பெருகியது, அவ்வளவே. சாகவில்லை. குடும்பம் முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவந்த ஒரு கருவி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் எப்படி? என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகச் சுவாரசியமான கேள்வி இதுதான். விடை, நொதி எங்கெங்கே கிழிக்கிறது என்பதில் இருக்கிறது.

அபாயச் சங்குகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கிருந்து தொடங்கலாம். செல்லின் உட்கருவுக்கு வெளியே டிஎன்ஏ தென்படக் கூடாது. தென்பட்டால் சிகாஸ் என்ற காவல் புரதம் அதைப் பிடித்து ஒரு சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். அது ஸ்டிங் என்ற அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்பும். ஸ்டிங் முழுவீச்சில் இயங்க அதன்மேல் யுபிக்விட்டின் சங்கிலி ஏற வேண்டும். ஏறினால் சமிக்ஞை உட்கருவுக்குப் போகும், இன்டர்ஃபெரான் சுரக்கும், அக்கம்பக்கத்து செல்களெல்லாம் உஷாராகிவிடும். ஹெர்பிஸ் வைரஸ் முழுக்க முழுக்க டிஎன்ஏ வைரஸ். இந்தச் சங்கு அதற்காகவே வைத்தது போல.

2020இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இன்டர்ஃபெரானை அடக்க ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கையில் பல உத்திகள் உண்டு. ஒவ்வோர் உத்தியை மட்டும் இழந்த வைரஸ்களை வரிசையாக எலியின் மூளை செல்களில் தொற்றவைத்து, எதற்கு அதிகம் இன்டர்ஃபெரான் வருகிறது என்று பார்த்தார்கள். குறிப்பாக வலுவான எதிர்வினையைத் தூண்டியது நீக்கி மழுங்கிய வைரஸ். வைரஸின் புரதம் ஸ்டிங்கோடு நேரடியாக ஒட்டி அதன் சங்கிலியைக் கழற்றிவிடுவது தெரிந்தது. எலியின் மூளைக்குள் அந்த மழுங்கிய வைரஸால் வழக்கம்போல் பெருக முடியவில்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் சில நேரம் உயிருக்கே ஆபத்தான மூளை அழற்சியை உண்டாக்கும் வைரஸ் என்பதால் இது சாதாரணச் செய்தி அல்ல.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் இதே வேலையைத்தான் வேறு வேறு இடங்களில் செய்கிறார்கள். கபோசி வைரஸின் நீக்கி, ரிக்-ஐ என்ற மற்றொரு காவல் புரதத்தின் சங்கிலியைப் பிரிக்கிறது. எப்ஸ்டீன்-பாரின் நீக்கி, டிராஃப்6 என்ற புரதத்தின் மேலுள்ளதைக் கழற்றுகிறது. அங்கே கழன்றால் அழற்சிக்கான சமிக்ஞை பாதியில் நின்றுவிடும். கவனியுங்கள், இங்கெல்லாம் கிழிபடுவது மரணச் சீட்டு அல்ல, சமிக்ஞைச் சீட்டு. யாரையும் சாவிலிருந்து காப்பாற்றவில்லை, சங்கின் வாயை அடைக்கிறது. வைரஸ் தன் புரதங்கள் அழியாமல் காத்துக்கொள்ளத்தான் நீக்கியை வைத்திருக்கிறது என்று முதலில் தோன்றும். அது பாதிக் கதை.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். யுபிக்விட்டினுக்கு நெட்8 என்று ஓர் உறவுக்காரப் புரதம் உண்டு. அமினோ அமில வரிசையில் இரண்டும் ஏறத்தாழ அறுபது சதவீதம் ஒன்றே. குல்லின் என்ற சட்டகத்தைச் சுற்றி அமைந்த பெரிய இ3 குழுமங்கள் நம் செல்களில் உண்டு. நெட்8 குல்லினில் ஒட்டினால்தான் அந்தக் குழுமம் வேலைக்கு இறங்கும். எப்ஸ்டீன்-பாரின் நீக்கி யுபிக்விட்டினை மட்டுமல்ல, இந்த நெட்8ஐயும் கழற்றிவிடுகிறது என்று 2010இல் காட்டினார்கள். விளைவைப் பாருங்கள். தனித்தனிச் சீட்டுகளைத் தேடிப் போய்க் கிழிப்பதற்குப் பதில், சீட்டு ஒட்டும் அலுவலகத்துக்கே பூட்டுப் போட்டாயிற்று.

பூட்டியதும் அங்கே சீட்டு வாங்கி அழிய வேண்டிய புரதங்கள் தேங்குகின்றன. அவற்றில் ஒன்று சிடிடி1. டிஎன்ஏ நகலெடுப்புக்கு அனுமதி கொடுக்கும் புரதம் இது. நகலெடுப்பு தொடங்கியதும் அழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே டிஎன்ஏ திரும்பத் திரும்ப நகலாகும். சிடிடி1 அழியாமல் தேங்கினால் செல், டிஎன்ஏவை நகலெடுக்கும் கட்டத்திலேயே நின்றுவிடும். அந்தக் கட்டத்துக்கு உரிய மூலப்பொருள்களும் கருவிகளும் விரித்துப் போட்டபடி கிடக்கும். தன் டிஎன்ஏவை நகலெடுக்கத் துடிக்கும் வைரஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிழிக்கும் வேலையைச் சொந்த நொதியை மட்டும் வைத்து இந்த வைரஸ்கள் செய்வதில்லை. நம்முடையதையும் இரவல் வாங்குகின்றன. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தொற்றின் தொடக்கத்திலேயே ஐசிபி0 என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. அது ஒட்டுகிற கட்சி, அதாவது இ3. வைரஸை அடக்கும் செல் புரதங்கள்மேல் மரணச் சீட்டு ஒட்டி அவற்றை ஒழித்துக்கட்டும். ஆனால் ஒட்டுகிற வேகத்தில் தன்மேலேயும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் என்ன செய்வது? நம் செல்லின் யுஎஸ்பி7 என்ற நீக்கியைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அது ஐசிபி0 மேல் விழும் சீட்டுகளைக் கிழித்துக்கொண்டே இருக்கும். 1997இல் கிளாஸ்கோவில் ரோஜர் எவரெட் குழுவினர் யுஎஸ்பி7ஐ அடையாளம் கண்டதே ஐசிபி0வோடு அது ஒட்டிக்கொண்டிருந்ததை வைத்துத்தான். ஆகவே அதற்கு 'ஹெர்பிஸ் வைரஸோடு தொடர்புடைய' என்று தொடங்கும் ஒரு பெயரை வைத்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் ஆயுளையே நிர்ணயிக்கும் நொதி அது என்பது பிறகு தெரிந்தது. நம் சொந்த நொதிக்கு வைரஸின் பெயர், திருடன் பெயரில் வீட்டுப் பத்திரம் எழுதியது மாதிரி.

சரி, 2006இல் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் இந்த நீக்கி இல்லாமலும் வைரஸால் சமாளிக்க முடிகிறது. உடலுக்குள் போனால்? கோழிகளுக்கு மாரெக் நோய் என்று ஒன்று வரும். டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் அதற்குக் காரணம். 2007இல் அந்த வைரஸின் நீக்கியை, அதே ஒற்றை சிஸ்டீனை மாற்றி, மழுங்கடித்தார்கள். வைரஸ் பெருகுவதில் பெரிய குறை இல்லை. ஆனால் கோழிகளில் கட்டி உருவாக்கும் திறன் பெரிதும் அடிபட்டுப்போனது. பன்றிகளைத் தாக்கும் போலி வெறிநாய்க்கடி வைரஸும் இதே குடும்பம்தான். அதில் நீக்கியை மழுங்கடித்தால் தட்டில் வளரும், ஆனால் எலியின் நரம்பு மண்டலத்துக்குள் புகுவதில் தடுமாறும். அங்கே நீக்கி கிழிக்கும் முக்கியமான சீட்டு, நீக்கியைச் சுமக்கும் அதே யுஎல்36 புரதத்தின் 442ஆவது லைசினிலேயே இருந்தது; தன்மேல் ஒட்டியதைத் தானே கிழித்துக்கொண்டு நரம்புக்குள் பயணம் போகிறது. எலிகளைத் தொற்றும், குடும்பத்தின் காமா என்ற கிளையைச் சேர்ந்த ஒரு ஹெர்பிஸ் வைரஸில் நீக்கி இல்லாவிட்டால் ஸ்டிங் விழித்துக்கொள்கிறது, வைரஸால் உறக்க நிலைக்குச் சரியாகப் போய்ச் சேர முடிவதில்லை.

தட்டில் இருப்பது ஒரே வகை செல்களின் கூட்டம். அங்கே படையெடுத்து வரும் வெள்ளணுக்கள் இல்லை, கடக்க வேண்டிய நரம்பு இல்லை, ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த நொதி பயன்படும் சூழ்நிலைகளில் பல அங்கே வாய்ப்பதே இல்லை.

மருந்து விஷயத்திலும் இது இடிக்கிறது. இன்று ஹெர்பிஸுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அசைக்ளோவிர், வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியைத் தடுக்கிறது. நீக்கியைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் பயன்பாட்டில் இல்லை. நம்மிடமே இப்படிப்பட்ட நொதிகள் நூறு இருக்கின்றன, அவற்றிலும் மிகப் பலவற்றின் பிளேடு சிஸ்டீன்தான் என்பதால், வைரஸுடையதை மட்டும் மழுங்கடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. மடிப்பு வித்தியாசமாக இருப்பது மட்டும் ஓர் ஆறுதல். நம் நொதிகளில் இல்லாத இடுக்கு ஏதேனும் இருந்தால் மருந்து அங்கே நுழையலாம். ஆனால் அப்படி ஒரு மூலக்கூறு கிடைத்தாலும் அதை எங்கே சோதிப்பது? வைரஸ் மருந்துகளை வழக்கமாக முதலில் சலித்தெடுப்பது தட்டில் வளரும் செல்களில், வைரஸ் எவ்வளவு குறைகிறது என்று எண்ணித்தான். இந்த நொதியைக் கச்சிதமாகத் தடுக்கும் மருந்தேகூட அந்தச் சோதனையில் சுமாரான மதிப்பெண்தான் வாங்கும்.